காமாபை நிறுவுதல்: வெறும் மடிக்கணினியிலிருந்து நண்டு நெபுலாவின் நிறமாலை வரை

விண்ணிலிருந்து வரும் காமாக் கதிர்கள் தரையை எட்டுவதில்லை. வளிமண்டலத்தின் மேலடுக்கில் காற்றோடு மோதித் துகள் மழையாகச் சிதறிவிடுகின்றன; அந்த மழை, செரன்கோவ் ஒளி எனப்படும் மெல்லிய நீல மின்னலைச் சில நானோநொடிகளுக்கு உண்டாக்கி மறைகிறது. நமீபியாவின் கோமாஸ் மேட்டுநிலத்தில், ஏறத்தாழ 1800 மீட்டர் உயரத்தில் நிற்கும் ஹெஸ் தொலைநோக்கிகள் படம் பிடிப்பது இந்த மின்னலைத்தான். ஒவ்வொரு கதிரும் எந்தத் திசையிலிருந்து, எந்த நேரத்தில், எவ்வளவு ஆற்றலோடு வந்தது என்று அந்தப் படங்களிலிருந்து கணித்து எழுதிய பட்டியலே கடைசியில் ஆய்வாளரின் கைக்கு வருகிறது. அந்தப் பட்டியலிலிருந்து வானப் படத்தையும் நிறமாலையையும் ஒளிமாற்ற வரைபடத்தையும் எடுத்துத் தரும் திறமூல மென்பொருள்களில் ஒன்றுதான் காமாபை.

பைத்தான் மொழியில் 2013 முதல் எழுதப்பட்டு வரும் காமாபை, பிஎஸ்டி உரிமத்தில் யாருக்கும் இலவசமாகக் கிடைக்கிறது. அதன் 1.0 பதிப்பு 2022 நவம்பரில் வெளிவந்தது. ஸ்பெயினின் லா பால்மா தீவிலும் சிலியின் பரனால் பகுதியிலும் உருவாகி வரும் செரன்கோவ் தொலைநோக்கி வரிசையின் ஆய்வு மென்பொருளுக்கும் இதுவே அடிப்படையாகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறது. ஆகவே இத்துறையில் இன்று நுழையும் ஒருவர் முதலில் எதைக் கற்பது என்று கேட்டால், தயங்காமல் இதைத்தான் சொல்வேன். இயற்பியலில் முதுநிலை படிக்கும் மாணவர், பைத்தானில் ஓரளவு எழுதத் தெரிந்தவர், ஆனால் கறுப்புத் திரையில் கட்டளை தட்டிப் பழகாதவர் என்ற ஒருவரை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன்.

ஒரு குறிப்பு. கட்டளைகளை இங்கே ஒலிப்படித் தமிழில் எழுதியிருக்கிறேன். கட்டளை தட்டும் கறுப்புத் திரையான முனையத்தில் தட்டும்போது அவற்றை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில், சொல்லுக்குச் சொல் ஓர் இடைவெளி விட்டுத் தட்ட வேண்டும். பெரிய எழுத்துகள் தேவைப்படும் இடங்களில் அதைத் தனியாகச் சொல்கிறேன்.

தொடங்குமுன்

எட்டு கிகாபைட் நினைவகம் உள்ள சாதாரண மடிக்கணினி போதும். வட்டில் பத்து கிகாபைட்டாவது காலியாக இருக்கட்டும். மென்பொருளைவிட, அதனுடன் வரும் துணைத் தொகுப்புகளும் பயிற்சித் தரவுகளுமே இடத்தை அதிகம் பிடிக்கும். காமாபை லினக்ஸ், மேக், விண்டோஸ் மூன்றிலும் ஓடும். ஆயினும் விண்டோஸ் வைத்திருப்பவர்கள், அதற்குள்ளேயே லினக்ஸை இயக்கித் தரும் டபிள்யூ.எஸ்.எல். வசதியை முதலில் போட்டுக்கொள்வது நல்லது என்பது என் கருத்து. விண்டோஸின் கட்டளைத் திரையான பவர்ஷெல்லை நிர்வாகி உரிமையோடு திறந்து, டபிள்யூ.எஸ்.எல். என்று தட்டி, ஓர் இடைவெளி விட்டு, இரண்டு சிறுகோடுகளுடன் இன்ஸ்டால் என்று தட்டினால் லினக்ஸின் ஒரு வகையான உபுண்டு வந்துவிடும். பிறகு கணினியை ஒருமுறை அணைத்து இயக்க வேண்டும். இப்போதைக்கு இது கூடுதல் வேலையாகத் தோன்றலாம். ஆனால் இக்கட்டுரையின் பிற்பகுதியில் வரும் ஃபெர்மி செயற்கைக்கோளின் ஆய்வுக் கருவிகள் விண்டோஸில் நேரடியாக ஓடுவதில்லை என்பதால், இரண்டு மாதம் கழித்துச் செய்யப்போவதை இன்றே செய்துவிடுகிறீர்கள். இவ்வழியில் செல்பவர்கள் தங்கள் கோப்புகளை லினக்ஸின் சொந்த இல்லக் கோப்புறையிலேயே வைத்துக்கொள்ள வேண்டும். விண்டோஸின் சி வட்டில் வைத்துவிட்டு லினக்ஸிலிருந்து எட்டிப் படித்தால், ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளைத் திறக்கும் இந்த வேலை ஆமை வேகத்தில்தான் நகரும்.

தனிச் சூழல் ஏன் வேண்டும்

காமாபை தனியாக நிற்பதில்லை. எண்களுக்கு நம்பை, கணிதத்துக்குச் சைபை, வானியல் அலகுகளுக்கும் ஆயங்களுக்கும் ஆஸ்ட்ரோபை, தரவோடு கணித மாதிரியைப் பொருத்துவதற்கு ஐமினுயிட், வரைபடத்துக்கு மேட்பிளாட்லிப் என்று ஒரு கூட்டத்தின் தோளில் ஏறி நிற்கிறது. கூட்டத்தில் ஒருவர் மட்டும் பதிப்பு மாறினாலும் சங்கிலி அறுந்துவிடும். 2024 ஜூனில் நம்பை 2.0 வெளிவந்தபோது, பழைய நம்பையை நம்பித் தொகுக்கப்பட்டிருந்த பல பொதிகள், நிரலின் தொடக்கத்தில் அவற்றை அழைக்கும் வரியிலேயே பிழை காட்டி நின்றன. வேறு ஏதோ ஒரு பாடத்துக்காக நம்பையைப் புதுப்பித்துவிட்டு, மறுநாள் காலை என் ஆய்வு நிரல்கள் ஒன்றுகூட ஓடாததைப் பார்த்து விழித்தவர்களில் நானும் ஒருவன். எனவே காமாபைக்கென்று தனியாக ஒரு சூழலை, அதாவது அதற்கு உரிய பைத்தானும் தொகுப்புகளும் மட்டும் அடங்கிய ஓர் அறையை, உருவாக்கி, அதற்குள் வேறு எதையும் நுழையவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் முறை. சமையலறையில் பால் காய்ச்சும் பாத்திரத்தைத் தனியாக வைப்பதைப் போன்றது இது.

கணினியுடன் வந்த பைத்தானில், பிப் என்ற பொதி நிறுவும் கருவியைக் கொண்டு நேரடியாக நிறுவ முயல வேண்டாம். உபுண்டு 23.04 முதல், அந்தப் பைத்தானை வெளியார் தொடக்கூடாது என்று அமைப்பே தடுத்துவிடுகிறது. அந்தத் தடையைத் தாண்ட இணையத்தில் குறுக்கு வழிகள் கிடைக்கும். தாண்டினால் இயங்குதளத்தின் சொந்தக் கருவிகளே பழுதாகக்கூடும். நிர்வாகி உரிமை தரும் சூடோ என்ற சொல்லைச் சேர்த்துப் பிப்பை ஓட்டுவதும் அதே வகைத் தவறுதான்.

மினிஃபோர்ஜ்

சூழல்களை உருவாக்கவும் நிர்வகிக்கவும் கான்டா என்ற கருவி பயன்படுகிறது. அது பல வடிவங்களில் கிடைக்கிறது. புதியவர்களுக்கு நான் பரிந்துரைப்பது மினிஃபோர்ஜ். அளவில் சிறியது, கான்டா-ஃபோர்ஜ் என்னும் சமூகக் களஞ்சியத்தையே இயல்பாகப் பயன்படுத்துவது, மாம்பா என்ற வேகமான துணைக் கட்டளையையும் உடன் கொண்டுவருவது. அதன் பக்கத்துக்குச் சென்று உங்கள் கணினிக்கு உரிய நிறுவல் கோப்பை இறக்குங்கள். ஆப்பிளின் எம் வரிசைச் சில்லு உள்ள மேக் என்றால் ஆர்ம்64 என்று முடியும் கோப்பையும், இன்டெல் சில்லு உள்ள பழைய மேக் என்றால் எக்ஸ்86 என்று குறிக்கப்பட்ட கோப்பையும் எடுக்க வேண்டும். இதை மாற்றி எடுப்பவர்கள் நிறையப் பேர். டபிள்யூ.எஸ்.எல். வைத்திருப்பவர்களுக்கு வேண்டியது லினக்ஸ் கோப்பு, விண்டோஸ் கோப்பு அல்ல.

லினக்ஸிலும் மேக்கிலும், கோப்பு இறங்கிய கோப்புறையில் முனையத்தைத் திறந்து, பாஷ் என்று தட்டி அந்தக் கோப்பின் பெயரைச் சேர்த்து இயக்குங்கள். உரிமத்தைக் காட்டிச் சம்மதம் கேட்கும். எங்கே நிறுவுவது என்று கேட்கும். இறுதியில் முனையம் திறக்கும்போதெல்லாம் கான்டா தயாராக இருக்க வேண்டுமா என்றும் கேட்கும். இந்தக் கடைசிக் கேள்விக்கு ஆம் என்னும் பொருளில் யெஸ் என்று பதில் சொல்லத் தவறாதீர்கள். அவசரத்தில் என்டர் விசையை மட்டும் தட்டிவிட்டு, பிறகு கான்டா என்னும் கட்டளையே இல்லை என்று முனையம் சொல்வதைக் கண்டு மீண்டும் முதலிலிருந்து தொடங்குபவர்கள் உண்டு. யெஸ் சொன்ன பிறகும் அதே பிழை வந்தால் பதற வேண்டாம். முனையத்தை மூடிப் புதிதாகத் திறந்தால் போதும். வரியின் தொடக்கத்தில் அடைப்புக்குறிக்குள் பேஸ் என்ற சொல் தெரிந்தால் மினிஃபோர்ஜ் வேலை செய்கிறது என்று பொருள்.

காமாபையை இறக்குதல்

காமாபையின் ஒவ்வொரு பதிப்புக்கும், அது சோதிக்கப்பட்ட துணைத் தொகுப்புகளின் பட்டியல் அடங்கிய ஒரு சூழல் கோப்பை அதன் உருவாக்குநர்கள் வெளியிடுகிறார்கள். கான்டாவிடம் வெறுமனே காமாபையை நிறுவு என்று சொன்னாலும் வேலை நடக்கும். ஆனால் விளக்கமும் நிரலும் கலந்து வரும் பயிற்சி ஏடுகள் கேட்கும் சில கூடுதல் தொகுப்புகள் விடுபட்டுப்போகும். சூழல் கோப்பு வழியே செல்வதில் அந்தத் தொல்லை இல்லை. இங்கே 1.3 பதிப்பை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்கிறேன்; நீங்கள் செய்யும் நாளில் எது நிலையான புதிய பதிப்போ அதன் எண்ணைப் போட்டுக்கொள்ளுங்கள்.

காமாபையின் இணையதளத்தில் நிறுவல் பகுதிக்குச் சென்றால், பதிப்பு எண்ணைப் பெயரிலேயே கொண்ட, ஒய்.எம்.எல். என்று முடியும் கோப்பு கிடைக்கும். அதை இறக்கி வைத்துக்கொண்டு, முனையத்தில் கான்டா, என்வ், கிரியேட் என்ற மூன்று சொற்களையும், அடுத்து ஒற்றைச் சிறுகோட்டுடன் எஃப் என்ற எழுத்தையும், இறுதியில் அந்தக் கோப்பின் முழுப் பெயரையும் தட்டுங்கள். கான்டா முதலில் எந்தப் பொதி எந்தப் பொதியோடு ஒத்துப்போகும் என்று கணக்குப் போடும். பிறகு ஒவ்வொன்றாக இறக்கும். விடுதியின் பொது இணைப்பில் இதற்கு அரை மணி நேரம்கூட ஆகலாம், தேநீர் குடித்துவிட்டு வரலாம். இணைப்பு நடுவில் அறுந்தாலும் முழுமையாக இறங்கிய பொதிகள் கணினியில் பத்திரமாக இருக்கும். பாதியில் நின்ற சூழலைக் கான்டா, என்வ், ரிமூவ் என்ற சொற்களோடு, ஒற்றைச் சிறுகோட்டு என் என்ற எழுத்தையும் சூழலின் பெயரையும் சேர்த்து நீக்கிவிட்டு, அதே கட்டளையை மீண்டும் கொடுத்தால் இரண்டாம் முறை விரைவாக முடியும்.

முடிந்ததும் கான்டா, ஆக்டிவேட் என்று தட்டிச் சூழலின் பெயரைச் சேருங்கள். வரியின் தொடக்கத்தில் இருந்த பேஸ் மறைந்து காமாபை-1.3 என்று மாற வேண்டும். முனையத்தை ஒவ்வொரு முறை திறக்கும்போதும் இதைச் செய்தாக வேண்டும். நேற்று ஓடியது இன்று ஓடவில்லை என்று வரும் புகார்களில் பெரும்பாலானவை இந்த ஒரு வரியை மறந்ததால் வருபவை.

தரவும் அதன் முகவரியும்

மென்பொருள் வந்துவிட்டது, தரவு இன்னும் வரவில்லை. சூழல் செயலில் இருக்கும்போதே காமாபை, டவுன்லோட், நோட்புக்ஸ் என்று தட்டினால் பயிற்சி ஏடுகளும், காமாபை, டவுன்லோட், டேட்டாசெட்ஸ் என்று தட்டினால் பயிற்சித் தரவுகளும், நீங்கள் நிற்கும் கோப்புறைக்குள் வந்து இறங்கும். அதனால் முன்கூட்டியே ஒரு நல்ல இடத்துக்குச் சென்று நின்றுகொள்ளுங்கள். பெயரில் இடைவெளி உள்ள கோப்புறைகளையும், மேகச் சேமிப்போடு தானாக ஒத்திசைந்துகொள்ளும் கோப்புறைகளையும் தவிர்த்துவிடுங்கள்.

இனி, தரவு எங்கே இருக்கிறது என்பதைக் காமாபைக்குச் சொல்ல வேண்டும். அது தேடுவது ஒரு சூழல் மாறியை, அதாவது நிரல்கள் படிப்பதற்காக முனையத்தில் ஒரு பெயரோடு வைக்கும் மதிப்பை. அதன் பெயர் காமாபை, ஓர் அடிக்கோடு, டேட்டா என்று சேர்த்து, முழுவதும் பெரிய எழுத்துகளில் அமையும். தரவு இறங்கி முடிந்ததும், எக்ஸ்போர்ட் என்று தொடங்கும் ஒரு வரியைக் கருவியே திரையில் காட்டும். அதை நகலெடுத்து ஓட்டினால் அந்த முனையத்துக்கு மட்டும் மாறி அமைந்துவிடும். முனையத்தை மூடினால் மாறியும் போய்விடும். நிரந்தரமாக்க இரண்டு வழிகள் உண்டு. முனையம் திறக்கும்போதெல்லாம் தானாக ஓடும் கோப்பில், அதாவது லினக்ஸில் பாஷ்ஆர்சி கோப்பிலும், மேக்கில் ஜிஷ்ஆர்சி கோப்பிலும், அந்த வரியைச் சேர்ப்பது பலரும் சொல்லும் வழி. எனக்குப் பிடித்தது இரண்டாவது: கான்டா, என்வ், கான்ஃபிக், வார்ஸ், செட் என்று ஐந்து சொற்களைத் தட்டி, மாறியின் பெயரையும் சமக்குறியையும் தரவுக் கோப்புறையின் முழு முகவரியையும் இடைவெளியின்றிச் சேர்த்துக் கொடுத்தால், அந்த முகவரி சூழலோடு ஒட்டிக்கொள்ளும். சூழலைச் செயலாக்கினால் மாறி வரும், வெளியேறினால் போகும். நாளைக்கு 1.3க்கு ஒரு சூழலும் அடுத்த பதிப்புக்கு வேறொரு சூழலும் வைத்திருக்கும்போது, ஒன்றின் தரவு மற்றொன்றோடு கலக்காது. பதிப்புக்குப் பதிப்பு தரவுக் கோப்புகளின் அமைப்பும் மாறுவதுண்டு என்பதால் இது சிறிய நன்மை அல்ல. இப்படி அமைத்த பிறகு சூழலை ஒருமுறை மீண்டும் செயலாக்க வேண்டும்.

இப்போது காமாபை, இன்ஃபோ என்று தட்டுங்கள். உங்கள் பைத்தான் எங்கே இருக்கிறது, காமாபையின் பதிப்பு எது, துணைத் தொகுப்புகள் ஒவ்வொன்றின் பதிப்பு என்ன, கடைசியில் அந்தத் தரவு மாறி எந்த முகவரியைக் காட்டுகிறது என்று ஒரு பட்டியல் வரும். கடைசி வரியைக் கூர்ந்து பாருங்கள். அங்கே நீங்கள் கொடுத்த முகவரி இல்லையென்றால் முந்தைய பத்தியில் ஏதோ தவறியிருக்கிறது. யாரிடமாவது உதவி கேட்பதாக இருந்தால் இந்தப் பட்டியல் முழுவதையும் கேள்வியோடு சேர்த்து அனுப்புங்கள். பிழைச் செய்தியின் கடைசி வரியை மட்டும் கைப்பேசியில் படம் பிடித்து அனுப்புபவருக்கு யாராலும் உதவ முடியாது.

நண்டு நெபுலா வந்தால்தான் நிறுவல் முடிந்தது

பெரும்பாலான வழிகாட்டிகள் இந்த இடத்தில் நின்றுவிடுகின்றன. ஆனால் பட்டியல் சரியாக வந்தது என்பதால் ஆய்வு சரியாக வரும் என்று சொல்ல முடியாது. அதற்கு, விடை முன்பே தெரிந்த ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். காமா வானியலில் அப்படிப்பட்ட கணக்கு நண்டு நெபுலா. 1054ஆம் ஆண்டில் மனிதர்கள் கண்ட விண்மீன் வெடிப்பின் எச்சம் அது. 1989இல் அமெரிக்காவின் விப்பிள் தொலைநோக்கி, டெரா எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலில் உறுதியாகக் கண்டறிந்த முதல் மூலமும் அதுவே. அன்றிலிருந்து எந்தத் தொலைநோக்கியும் தன்னைச் சரிபார்க்க முதலில் திரும்பிப் பார்ப்பது அந்தத் திசையைத்தான்.

ஜுபிட்டர், லேப் என்று தட்டினால், ஏடுகளைத் திறந்து ஓட்டும் செயலியான ஜுபிட்டர் உலாவியில் திறக்கும். இறங்கிய ஏடுகளில் ஒரு பரிமாண ஆய்வுக்கான கோப்புறைக்குள் சென்று, ஸ்பெக்ட்ரல் அனாலிசிஸ் என்ற ஏட்டைத் திறவுங்கள். அது எடுத்துக்கொள்வது ஹெஸ் குழு 2018இல் பொதுவில் வெளியிட்ட சோதனைத் தரவு. மென்பொருளைச் சோதிக்கவும் கற்கவும் தரப்பட்டதே தவிர, ஆய்வுக் கட்டுரை எழுதுவதற்காக அல்ல. அதில் நண்டு நெபுலாவைப் பார்த்த நான்கு ஓட்டங்கள் உள்ளன. எண்கள் 23523, 23526, 23559, 23592. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 28 நிமிட நோக்கு.

ஏட்டில் நிரல் வரிகள் கட்டம் கட்டமாகப் பிரிந்திருக்கும். முதல் கட்டத்திலேயே பொதி கிடைக்கவில்லை என்று பிழை வந்தால், ஜுபிட்டர் வேறொரு சூழலின் பைத்தானைப் பிடித்துக்கொண்டிருக்கக்கூடும். சிஸ் என்ற பொதியை இறக்குமதி செய்து, அதன் எக்ஸிகியூட்டபிள் மதிப்பை அச்சிடச் சொன்னால், ஓடிக்கொண்டிருக்கும் பைத்தானின் முகவரி வரும். அதில் காமாபைச் சூழலின் பெயர் இல்லாவிட்டால், ஜுபிட்டரை மூடிவிட்டுச் சூழலைச் செயலாக்கி, அதே முனையத்திலிருந்து திறக்க வேண்டும். இன்னொரு பிழை வேடிக்கையானது, நான் ஒரு பகல் முழுவதையும் இழந்தது. என் கோப்புறையில் சோதனைக்காக எழுதிய ஒரு நிரலுக்குக் காமாபை.பை என்றே பெயர் வைத்திருந்தேன். பைத்தான் முதலில் தேடுவது நிரல் இருக்கும் கோப்புறையை. உண்மையான காமாபையை விட்டுவிட்டு என் பத்து வரிக் கோப்பையே எடுத்துக்கொண்டு, நான் கேட்ட எதுவும் அதில் இல்லை என்று சொல்லிக்கொண்டே இருந்தது. மூன்று முறை நிறுவலை அழித்துச் செய்த பிறகே கோப்பின் பெயர் கண்ணில் பட்டது.

ஏட்டின் கட்டங்களை ஒவ்வொன்றாக ஓட்டிக்கொண்டே வாருங்கள். நெபுலாவைச் சுற்றி 0.11 பாகை ஆரமுள்ள ஒரு சிறு வட்டத்தில் விழுந்த நிகழ்வுகளை அது எண்ணுகிறது. பிறகு, தொலைநோக்கி குறிவைத்த மையத்திலிருந்து அதே தொலைவில் உள்ள வேறு வட்டங்களில் விழுந்தவற்றை எண்ணி, அதைப் பின்னணியாகக் கழிக்கிறது. வானப் படத்தில் அந்த வட்டங்கள் மாலையில் கோத்த மணிகளைப் போல மையத்தைச் சுற்றி நிற்பதைக் காணலாம். அந்தப் படம் வந்துவிட்டால் தரவும் மென்பொருளும் ஒன்றையொன்று புரிந்துகொள்கின்றன என்று கொள்ளலாம்.

அடுத்து வரும் பொருத்தலில், நிறமாலையின் சரிவைச் சொல்லும் இன்டெக்ஸ் என்ற எண்ணைப் பாருங்கள். ஹெஸ் குழு 2006இல் வெளியிட்ட நண்டு நெபுலா ஆய்வில், எளிய அடுக்கு விதி (ஆற்றல் கூடக் கூடக் கதிர்கள் ஒரே சரிவில் குறைவதாகக் கொள்ளும் மாதிரி) கொண்டு பொருத்தினால் 2.63 என்றும், உயர் ஆற்றலில் விழும் வளைவையும் சேர்த்துப் பொருத்தினால் 2.39 என்றும் வந்தது. ஏடு எந்த மாதிரியைப் பயன்படுத்துகிறது என்பதை முதலில் பார்த்துவிட்டு, உரிய எண்ணோடு ஒப்பிடுங்கள். வளைவு உள்ள மாதிரியில் சரிவின் ஒரு பகுதியை வளைவு எடுத்துக்கொள்வதால் எண் குறைந்து வருவது இயல்பு. உங்களிடம் இருப்பது இரண்டு மணி நேரத்துக்கும் குறைவான தரவு என்பதால் பிழை வரம்பும் பெரிதாகவே இருக்கும். தசமத்தின் முதல் இடத்திலேயே சற்று விலகினாலும் கவலை வேண்டாம். ஆனால் எண் 1 என்றோ 5 என்றோ வந்தால், மேலே எங்கோ ஒரு கட்டத்தை விட்டுவிட்டு ஓட்டியிருக்கிறீர்கள்.

ஃபெர்மிக்கு இன்னொரு சூழல்

தரைத் தொலைநோக்கிகளோடு நிற்காமல், 2008 ஜூன் 11 அன்று ஏவப்பட்ட ஃபெர்மி செயற்கைக்கோளின் தரவையும் பார்க்க விரும்புபவர்களுக்கு ஃபெர்மிடூல்ஸ் என்ற தனித் தொகுப்பு உண்டு. காமாபைச் சூழலுக்குள் இதை நுழைக்க வேண்டாம். இரண்டும் கேட்கும் பைத்தான் பதிப்புகளும் துணைத் தொகுப்புகளும் எப்போதும் ஒத்துப்போவதில்லை. மாம்பா, கிரியேட் என்று தட்டி, ஒற்றைச் சிறுகோட்டு என் என்ற எழுத்தோடு ஃபெர்மி என்று சூழலுக்குப் பெயர் கொடுத்து, ஒற்றைச் சிறுகோட்டு சி என்ற எழுத்தை இருமுறை பயன்படுத்திக் கான்டா-ஃபோர்ஜ், ஃபெர்மி என்ற இரண்டு களஞ்சியங்களையும் அதே வரிசையில் சுட்டி, இறுதியில் ஃபெர்மிடூல்ஸ் என்று முடிக்க வேண்டும். சூழலைச் செயலாக்கிய பின், அத்தொகுப்பின் கருவிகளில் ஒன்றான ஜிடிசெலெக்ட் என்று தட்டும்போது உள்ளீட்டுக் கோப்பின் பெயரை அது திருப்பிக் கேட்டால் நிறுவல் சரி.

ஃபெர்மியின் தரவு நாசாவின் இணையதளத்தில் யாருக்கும் திறந்திருக்கிறது. வான ஆயங்களையும் தேதிகளையும் கொடுத்தால், ஃபோட்டான் கோப்பும் விண்கலம் எங்கே எப்படி நின்றது என்பதைச் சொல்லும் கோப்பும் கிடைக்கும்; இரண்டும் வேண்டும். கருவிகள் நேரத்தை 2001 ஜனவரி 1 முதல் கடந்த நொடிகளாகவே கேட்கும் என்பதை முதல் நாளில் அறியாமல் திணறுபவர்கள் பலர். அறிவியல் தரவு தொடங்கும் 2008 ஆகஸ்ட் 4, அந்தக் கணக்கில் 239557417 என்று வரும்.

பதிப்பு மாறும்போது

புதிய பதிப்பு வந்துவிட்டது என்று கேள்விப்பட்டதும், இருக்கும் சூழலையே புதுப்பிக்கும் ஆசை வரும். அதைச் செய்யாதீர்கள். பழைய சூழலைத் தொடாமல், புதிய சூழல் கோப்பைக் கொண்டு புதிய பெயரில் இன்னொன்றை உருவாக்கி, அந்தப் பதிப்புக்கு உரிய தரவையும் தனியாக இறக்கி, அதே நண்டு நெபுலா ஏட்டை அங்கே ஓட்டுங்கள். மாதிரி மாறாமல் இருந்து, இரண்டு சூழல்களிலும் இன்டெக்ஸ் பிழை வரம்புக்குள் ஒன்றாக வந்தால் உங்கள் நிரல்களைப் புதியதற்கு மாற்றலாம். நடந்துகொண்டிருக்கும் ஆய்வேட்டு வேலை பழைய சூழலில் இருந்தால், அது முடியும்வரை அதை நீக்க வேண்டாம்; கான்டா, என்வ், எக்ஸ்போர்ட் என்று தட்டி வரும் பட்டியலை ஒரு கோப்பில் சேமித்து ஆய்வேட்டின் கோப்புகளோடு வைத்துவிட்டு, அதன் பிறகே அழியுங்கள்.